அடையாறில் அத்திம்பேரின் தொப்பி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் ஆட்டோ ஏறினோம். அடையாறு வரை ஐந்து கிலோமீட்டர். நூற்றைம்பது ரூபாய் பேசியிருந்தேன். உடன் வந்தவர் என் அத்தை, வயது எழுபத்தெட்டு. அங்கே ஒரு சிறிய தனியார் காட்சியகத்தில் அவருடைய கணவர், என் அத்திம்பேரின் தொப்பி இருக்கிறது. அத்திம்பேர் வடகிழக்கு எல்லையில், ரோந்துப் படைக்கு முன்னால் தனியாகப் போய் வழி பார்த்து வரும் வேலையில் இருந்தவர். அவர் காலமான பின் தொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான்.

சென்ற வாரம் தனியாகப் போனபோது கண்ணாடிப் பெட்டியில் இருந்த அட்டையைப் படித்தேன்: "முன்விளிம்பில் ரத்தக் கறை." காயம் பட்டதாக அத்திம்பேர் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. தன்னிடம் இத்தனை வருஷம் மறைத்துவிட்டார் என்று தெரிந்தால் அத்தை என்ன ஆவார்? ரத்த அழுத்தம் வேறு. வழியிலேயே சொல்லிவிட நினைத்தேன். மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளத்தால் மந்தைவெளியில் சுற்றிப் போனோம். அப்போதும் வாய் எழவில்லை.

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா சார், இப்டி வேர்த்துக்கினு கீற? அம்மாக்கு ஆஸ்பத்திரியா?"

"இல்லப்பா, எங்காத்துக்காரர் தொப்பிய பாக்கப் போறோம்" என்றார் அத்தை.

"தொப்பிக்கா சாரு இம்மாம் டென்ஷன் ஆவுறாரு!"

அடையாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது அத்தையின் மாத்திரைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு முப்பது ரூபாய். பழுப்புத் தொப்பி; விளிம்பு ஒரு பக்கம் தொய்ந்து, உள்பட்டை வியர்வையில் கறுத்திருந்தது. அத்தை மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு அட்டையைப் படித்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்தேன்.

"எதுக்குடா பிடிக்கறே? ரத்தமாம், ரத்தம்! வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நான் வெச்ச குங்குமம்டா இது."

அருகில் இருந்த பொறுப்பாளர் அம்மையாரின் முகம் மாறியது. "இது போர்க்காயம் பட்டவங்க வரிசைம்மா. காயம் இல்லன்னா தொப்பிய உள்ள எடுத்து வெக்கும்படி ஆயிடும்."

அத்தை சும்மா இருந்திருக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

"பின்னாடி வரவாளுக்கு அடிபடாம வழி கண்டுபிடிக்கறதுதானேம்மா அவர் வேலையே?" என்றார் அத்தை. "தானும் ஒரு கீறல் இல்லாம திரும்பி வந்தார். அதுக்கு எடம் கெடையாதா?"

அம்மையார் பெட்டியைத் திறந்து அட்டையை மட்டும் எடுத்தார். மேலே கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும், இன்றைக்குத் தெரியாது என்றார்.

கிளம்பினோம். வாசலில் நான் ஆட்டோவை நிறுத்தித் திரும்பினால் அத்தையைக் காணோம். பதறி உள்ளே ஓடினேன். அட்டையில்லாத பெட்டி முன்னால் ஒரு குடும்பம் நின்றிருந்தது.

"இது யாரோடதுங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அத்தை சொல்லத் தொடங்கினார். நான் போய் ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்தேன்.