நெருப்பில்லாமல் வெந்த சோறு

பூமி சூடாவதைக் குறைக்க வீட்டில் என்னென்ன செய்யலாம் என்று பள்ளிக்கூடங்களில் போய்ப் பேசுவது என் வேலையின் ஒரு பகுதி. ஆளில்லாத அறையில் மின்விசிறியை நிறுத்துங்கள், துணியை வெயிலில் உலர்த்துங்கள், தெருமுனைக் கடைக்கு வண்டியை எடுக்காதீர்கள், பாத்திரத்தை மூடி வைத்துச் சமையுங்கள் என்பேன். பிள்ளைகள் கொட்டாவியை மறைத்துக்கொண்டு கேட்பார்கள். ஒன்பது வயதில் என்னை வாயடைத்து நிற்க வைத்த ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொன்னால் ஒரு பிள்ளையும் கொட்டாவி விடாது. ஆனாலும் நான் எங்கேயும் சொன்னதில்லை. தொடங்கினால் முழுவதையும் சொல்ல வேண்டிவரும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் ஒன்று. ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊர். முழுப் பரீட்சை லீவு விட்டதும் என்னை ஓசூரில் இருந்த சித்தி வீட்டுக்கு பஸ் ஏற்றி அனுப்பினார்கள். சித்தி என் அம்மாவின் தங்கை. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர். படித்ததை என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் வைத்திருந்தார். சித்தப்பா வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். அவருடைய அப்பாவும் அவர்களோடு இருந்தார். நான் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

தாத்தாவுக்குச் சோறு சூடாக இருக்க வேண்டும். வெறும் சூடு போதாது, தட்டில் ஆவி பறக்க வேண்டும். பல் பாதி போய்விட்டதால் நன்றாகக் குழையவும் வேண்டும். அதே சமயம் கேஸ் அடுப்பின் பக்கம் அவர் போகவே மாட்டார். அது வெடித்துவிடும் என்பது ஒரு காரணம். அடுப்பைத் தொடுவது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்பது இன்னொன்று. இரண்டில் எது உண்மையான காரணம் என்று யாரும் கேட்டதில்லை.

சித்தி எதையும் வீணாக்க மாட்டார். அரிசி கழுவிய தண்ணீர் பப்பாளிக்குப் போகும். பருப்பு வெந்து முடிவதற்குக் கொஞ்சம் முன்பே அடுப்பை அணைத்து, மிச்சத்தை மூடியின் கீழ் இருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார். பூமி சூடாவதைப் பற்றி அந்தத் தெருவில் அப்போது யாருக்கும் தெரியாது. தாத்தா அதற்கெல்லாம் கஞ்சத்தனம் என்று ஒரே பெயர்தான் வைத்திருந்தார்.

நான் போன வாரத்தில் சித்திக்கு ஒரு வேலை கூடிவந்தது. சிப்காட்டில் சுவிட்ச் செய்யும் ஒரு கம்பெனி. அதில் பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவு. ஒரு வாரம் வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள், பிடித்தால் நிரந்தரம். விடிந்ததும் தெருமுனையில் கம்பெனி வேன் வந்துவிடும். சாயங்காலம்தான் திரும்ப முடியும்.

"நீ தாராளமா போம்மா, நான் ஒண்ணும் குறுக்க நிக்கல" என்றார் தாத்தா. "மத்தியானம் எனக்கு ஆவி பறக்கச் சோறு யாரு போடுவா? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

சித்தப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். வீட்டில் கருத்துச் சொல்ல வேண்டிய நேரங்களில் அவருக்குப் படிக்கும் ஆர்வம் வந்துவிடும்.

"நான் போடுறேங்க மாமா" என்றார் சித்தி.

"வேன்ல இருந்தா?"

"பெட்டியில இருந்து."

பழைய சாமான் கடையிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. ஏதோ இயந்திரம் வந்து இறங்கிய பெட்டி. உள்ளே நாலு பக்கமும் அடியிலும் சித்தி தெர்மாக்கோல் அட்டைகளை வெட்டிப் பொருத்தினார். இடுக்குகளில் கிழிந்த சேலைகளைத் திணித்தார். மேலே மூட ஒரு சின்ன மெத்தை தைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தெர்மாக்கோல் உருண்டைகளை ஊதிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐஸ் விக்கிறவரு பெட்டி பாத்திருக்கியா? அதுக்குள்ள என்ன இருக்கும்?"

"ஐஸ்."

"அது ஏன் உருகல?"

நான் இன்னொரு உருண்டையை ஊதினேன்.

"வெளிய இருக்கிற சூட்ட இது உள்ள விடாது. அப்ப உள்ள இருக்கிற சூட்ட வெளிய விடுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை நடந்தது. அரிசியைக் குண்டானில் போட்டு, தளதளவென்று கொதித்து வரும்வரை மட்டும் அடுப்பில் வைத்தார் சித்தி. பிறகு இறுக்கி மூடி, பெட்டிக்குள் இறக்கி, மெத்தையைப் போட்டு அழுத்தினார். அடுப்பை அணைத்துவிட்டார். சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. நான் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தேன். உள்ளே யாரும் எதுவும் செய்வதாகத் தெரியவில்லை.

மத்தியானம் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. சோறு பூப்போல வெந்து, குழைந்து, கையை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. நெருப்பு இல்லை, புகை இல்லை, இருட்டுக்குள் ஒரு குண்டான் தன்னந்தனியாக உட்கார்ந்து இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்து முடித்திருக்கிறது. தாத்தா ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். இன்னொன்றையும் நசுக்கினார்.

"ஒரு நாளு வெந்துட்டா ஆச்சா? வாரம் பூராவும் பாப்போம். ஒரு வேள பிசகுச்சுன்னாலும் அந்தப் பெட்டியில நான் வெங்காயம் கொட்டி வெச்சிருவேன், வேலையும் அதோட சரி."

திங்கட்கிழமை சித்தி நேர்த்தியாக மடிப்பு வைத்த சேலையில் வேனில் ஏறிப் போனார். போவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, மத்தியானம் தாத்தாவுக்குச் சோறு போடுற வரைக்கும் பெட்டியத் தொறக்காத. தொறந்தா உள்ள இருக்கிறது வெளிய போயிடும்" என்றார். உள்ளே இருக்கிறது என்றால் சூடு. நானோ ஏதோ ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியாத, சோறாக்கத் தெரிந்த ஏதோ ஒன்று. அதற்குப் பசிக்குமா, அது தூங்குமா என்றெல்லாம் யோசித்தபடி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

வெள்ளிக்கிழமை வரை பிசகாமல் ஓடியது. தாத்தா தினமும் குற்றம் கண்டுபிடிக்கத் தயாராக உட்கார்ந்து, தினமும் என்னிடம் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும் சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். அவர் முகம் அப்போது விரிவதை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது.

இப்படி ஒரு அதிசயத்தை வீட்டில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படி? அந்தக் காம்பவுண்டில் வரிசையாக வீடுகள். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று எல்லாம் கலந்து பேசும் பிள்ளைகள். எங்கள் வீட்டில் நெருப்பே இல்லாமல் சோறு வேகும் என்று அவர்களிடம் சொன்னேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பையன் என்னைவிட ஒரு வயது பெரியவன். "சுள்ளு, சுள்ளு" என்று கைகொட்டினான். அவர்கள் பாஷையில் பொய் என்று அர்த்தம். "அடியில அடுப்பு ஒளிச்சு வெச்சிருப்பாங்கடா, புளுகுணிப் பையா!" எல்லோரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை காலை சித்தியை ஏற்றிக்கொண்டு வேன் போனது. சித்தப்பா ஏற்கெனவே ஷிப்டுக்குப் போயிருந்தார். தாத்தா டீக்கடைக்குக் கிளம்பினார். நான் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்தேன்.

மெத்தையை எடுத்தேன். மூடியைத் திறந்து காட்டினேன். வெந்நீரில் அரிசி மிதந்தது. அவர்கள் நம்பவில்லை. "அடியப் பாக்கணும்" என்றான் அவன். நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் துணியால் பிடித்துக் குண்டானைத் தூக்கி வெறும் சிமெண்டுத் தரையில் வைத்தோம். மே மாதத்திலும் ஓசூரில் அந்த நேரத்துக்குத் தரை சில்லென்று இருக்கும். எல்லோரும் தலையைப் பெட்டிக்குள் விட்டுத் தேடினோம். நானும் தேடினேன். அந்த ஏதோ ஒன்றை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவர்கள் எல்லோரையும்விட எனக்குத்தான் அதிகம். தெர்மாக்கோல் அட்டைகளைத் தட்டினோம். சேலைத் துணிகளை உருவிப் பார்த்தோம். எதிர் வீட்டுச் சிறுமி தம்பியைக் கூட்டிவர ஓடினாள், அவன் வரும்வரை காத்திருந்தோம். கடைசியில் கன்னடக்காரப் பையனே, "ஒண்ணுமே இல்லடா" என்று மெல்லிய குரலில் சொன்னான். அந்தக் குரலில் பயபக்தி இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன். துணிகளைத் திணித்து, குண்டானை இறக்கி, எல்லாவற்றையும் முன்பிருந்தபடியே மூடி வைத்தேன்.

மத்தியானம் தாத்தா முதல் வாயை வைத்தார். மென்றார். நிறுத்தினார். வாயிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"கல்லு."

அவர் சத்தம் போடவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போய் பன் வாங்கிவந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். வெண்ணெய் தடவிய பன். நான் முழுவதையும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் சித்தி வந்து என்னைப் பார்த்தபோது நான் தலையை ஆட்டவில்லை. தாத்தா குண்டானைத் திறந்தே வைத்திருந்தார். சித்தி ஒரு பருக்கையை நசுக்கினார். நடுவில் வெள்ளையாக அரிசி நின்றது.

"யாராச்சும் நடுவுல பெட்டியத் தொறந்தீங்களா?"

"எனக்கு வேற வேல இல்லையா?" என்றார் தாத்தா.

சித்தி என் பக்கம் குனிந்தார். "நீ தொறந்தியா கண்ணு?"

"இல்ல சித்தி."

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்து, "சரி, போய் வெளையாடு" என்றார். என்னை நம்பிவிட்டார். அதனால் பெட்டியைச் சந்தேகப்பட வேண்டியதாயிற்று. முட்டிபோட்டு அமர்ந்து தெர்மாக்கோல் அட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, எங்கே விரிசல் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அரிசி புதுசா, தண்ணீர் குறைந்ததா, கொதி போதவில்லையா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். படித்தது அத்தனையையும் அந்தப் பெட்டியின் முன்னால் ஒப்பித்துப் பார்த்தார். பதில் கதவோரமாக நின்றுகொண்டிருந்தது.

"வேலைய அடுத்த வருஷம் பாத்துக்கலாம், விடு" என்றார் சித்தப்பா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

நான் பேசுகிற மேடைகளில் இந்தப் பெட்டிக்கு இடமில்லாமல் போன காரணம் இதுதான். சித்திக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. நான் எழுதுவதையெல்லாம் தேடிப் படிப்பவர் அவர். இதையும் படிப்பார். பெட்டியில் விரிசல் எதுவும் இல்லை சித்தி. கொதியும் சரி, தண்ணீரும் சரி. நீங்கள் நினைத்தது எல்லாமே சரிதான்.

திங்கட்கிழமை வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. சித்தி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் தாத்தாவுக்கு அடுப்பிலிருந்து நேராகச் சோறு வந்தது. பிறகு சித்தி என்னோடு தரையில் உட்கார்ந்து தாயம் ஆடினார், நான் அடித்த அழுகுணி ஆட்டத்தைக் கண்டும் காணாதவர்போல இருந்தார். சாயங்காலம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்ப் பொரி வாங்கித் தந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் பள்ளிக்கூடத்தைப் போலவே சித்தியின் கம்பெனிக்கும் லீவு விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.