மௌஷியின் படகு ஹாரன்

எண்பதுகளில் பம்பாய் தாராவியில் நானும் என் வீட்டுக்காரரும் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தோம். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எது வந்தாலும் பிரித்துப் போடுவது அவர், காயில் சுற்றுவது நான். அவரைவிட எனக்கு வேலை சுத்தம். இதை அவரிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கே எழுதுவதில் தப்பில்லை.

ஒரு மழைக்காலத்தில், மீனவர் குடியிருப்பான கோலிவாடாவில் மீன் விற்கிற மௌஷி ஒரு படகு இன்ஜினைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மௌஷி என்றால் மராத்தியில் சித்தி, எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். படகின் பின்னால் மாட்டுகிற இன்ஜின், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒயரையெல்லாம் உப்பு தின்றிருந்தது. போன வருஷம் அவர்களுடைய பழைய இன்ஜின் சூடேறி நடுக்கடலில் இறுகிப்போக, மௌஷியின் புருஷன் வேறொரு படகு கண்ணில் படும்வரை அலையில் மிதந்துகொண்டே கிடந்திருக்கிறார். நாரளி பௌர்ணமிக்குக் கடலில் தேங்காய் விட்டதும் படகு கிளம்பியாக வேண்டும் என்று மௌஷி இந்தியில் சொன்னார். கிளம்பினால் போதாது, திரும்பி வர வேண்டும் என்றும் சொன்னார். அதை என்னைப் பார்த்துச் சொன்னார்.

இன்ஜின் மூடிக்குள் ஒயரிங் படம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் ஒயர்களை மாற்றிக்கொண்டே வந்தார். இன்ஜின் தலையில் பதிந்திருந்த தெர்மல் ஸ்விட்ச்சில் டெஸ்ட் லேம்ப் வைத்தார். எரியவில்லை.

"ஏளா, ஓவர்லோடு செத்துப்போச்சு. நேரா ஜாயின் அடிச்சிருதேன்."

மிக்ஸியில் அந்த ஓவர்லோடு ஸ்விட்ச் போய்விட்டால் எங்கள் பக்கத்துக் கடைகள் எல்லாவற்றிலும் செய்கிற வேலைதான் அது. இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கினால் மிக்ஸி உடனே ஓடும், வந்தவரும் சந்தோஷமாகப் போவார். இங்கேயும் முறுக்கினார். பேட்டரி கொடுத்துச் சாவியைத் திருப்பினதும், இன்ஜின் ஓடக்கூட இல்லை, ஹாரன் அலறியது. எதிர்த்த தோல் பட்டறைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

"ஹாரன் ஒயர நறுக்கிட்டாப் போச்சு. வீட்ல ஒண்ணு கத்துறது பத்தாதா, படகுலயும் ஒண்ணா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நறுக்குங்க பாப்போம். அந்த மனுசன் கடல்ல மாட்டுனா நீங்களா நீந்திப் போவீய?"

அவரை நகரச் சொல்லிவிட்டுப் படத்தில் விரல் வைத்துப் போனேன். பேட்டரியிலிருந்து ஹாரன். ஹாரனிலிருந்து தெர்மல் ஸ்விட்ச். அங்கிருந்து இன்ஜின் உடம்பு. ஸ்விட்ச்சின் நாக்கு தொடாமல் தூக்கி நிற்பதாக வரைந்திருந்தது. இன்ஜின் குளிர்ந்து கிடக்கிறபோது எப்படி இருக்குமோ, படத்தில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். மிக்ஸியில் கரண்டே அந்த ஸ்விட்ச் வழியாகத்தான் போகும், சூடேறினால் விட்டுவிடும். இது சூடேறினால்தான் தொடும். தொட்டால் ஹாரன் கத்தும். அவர் செத்துப்போச்சு என்றது உயிரோடு இருந்தது.

"பழைய சாமான், நம்ப முடியாது" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் அப்பளம் பொரிக்கிற சட்டியை ஸ்டவ்வில் வைத்து, கழற்றிய ஸ்விட்ச்சின் மூக்கை மட்டும் எண்ணெயில் முக்கி, டார்ச் பேட்டரியும் குட்டி பல்பும் மாட்டினேன். எண்ணெய் காயக் காய மௌஷி என் தோளைப் பிடித்துக்கொண்டார். பல்பு எரிந்தது. வெளியே எடுத்து ஆறவிட்டதும் அணைந்தது. அப்புறம் என் வீட்டுக்காரர் முறுக்கைப் பிரித்து, படத்தில் இருக்கிறபடியே மாட்டிக் கொடுத்தார்.

பௌர்ணமி கழிந்து மௌஷி வந்தபோது கூடையில் மீன் இல்லை, கிழிந்த பிளாஸ்டிக் பை ஒன்று கிடந்தது. இன்ஜின் சூடு தணியக் கடல் தண்ணீரை உறிஞ்சுகிற வாயில் இது அப்பிக்கொண்டதாம். ஹாரன் அலறியிருக்கிறது. கடைக்காரன் கெடுத்துவிட்டான் என்று அவர் புருஷன் எங்களை வாய் நிறையத் திட்டிக்கொண்டேதான் இன்ஜினை நிறுத்தியிருக்கிறார். பையை எடுத்துப் போட்டு, ஆறவிட்டு, அதே இன்ஜினில் கரைக்கு வந்துவிட்டார்.

"கத்தாமல் இருந்திருந்தால்" என்று ஆரம்பித்த மௌஷி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அந்தப் பையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் மாட்டுங்காவிலிருந்து ஒருவர் மிக்ஸியோடு வந்தார். ஓவர்லோடு போயிருந்தது. அவசரம், நேராக ஜாயின் அடித்துக் கொடுங்கள் என்றார்.

"அதெல்லாம் அடிக்க மாட்டேன் சார். புதுசு போட்டுத்தான் தருவேன்" என்றார் இவர்.

நான் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். வாயே திறக்கவில்லை.