கோர்ட்டைக் காப்பாற்றக் கொல்லிமலை ஏறிய சனிக்கிழமை

எங்கள் பள்ளியின் டென்னிஸ் கோர்ட்டில் இனிமேல் பஸ் நிறுத்தப் போவதாகத் தாளாளர் ஆகஸ்ட் கடைசியில் சொன்னார். புதிதாக மூன்று பஸ்கள் வாங்கியிருந்தார்கள், நிறுத்த இடமில்லை. "மண்டலப் போட்டியில ஜெயிச்சு மாவட்டத்துக்குப் போனீங்கன்னா யோசிக்கலாமுங்க டீச்சர். இல்லீன்னா ரெண்டு பிள்ளைங்களுக்காக அத்தன எடத்தச் சும்மா போட்டு வெக்க முடியாதுங்க" என்றார். அவர் கணக்கில் தவறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதனாலேயே பயமாக இருந்தது. மறுநாள் கோர்ட்டின் ஓரத்தில் ஒரு லோடு ஜல்லி வந்து இறங்கியது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நாங்கள் கொல்லிமலைக்குப் போனது இதற்காகத்தான். மண்டலப் போட்டியில் எங்களுக்கு விழுந்த ஒரே எதிரணி, மலைமேல் வாசலூர்பட்டிப் பக்கம் இருக்கும் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. கோர்ட் அவர்களிடம் இருந்ததால் ஆட்டமும் அங்கேயே. பிள்ளைகளை விளையாட்டுக்காக மலைக்கு அழைத்துப் போகிறவர்கள் இதைத் தேடி வரக்கூடும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

நான் நாமக்கல்லில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பல்கலைக்கழக அணியில் ஆடியவள் என்பது தெரிந்த நாள் முதல் டென்னிஸ் பயிற்சியும் என் தலையில். அணி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு நிவேதா, பத்தாம் வகுப்பு தரணி, அவ்வளவுதான். இரண்டு ஒற்றையர் ஆட்டம், பிறகு இருவரும் சேர்ந்து ஒரு டபுள்ஸ். மூன்றில் இரண்டை ஜெயித்தால் வெற்றி. மாற்று ஆள் கிடையாது. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தாலும் கோர்ட் போய்விடும். வெள்ளிக்கிழமை இரவு இரண்டு வீட்டுக்கும் போன் செய்து, இட்லியைத் தவிர வேறு எதுவும் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். சொன்ன பிறகு இட்லி மாவு புளித்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

காலை 5.45க்குக் கிளம்பினோம். வாடகைக் கார், போய்வர 3,800 ரூபாய், ஓட்டுநர் படி 400 தனி. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரமான காரவள்ளி ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். சாலை நன்றாக இருக்கிறது. அடிவாரச் சோதனைச் சாவடியில் அன்று பிளாஸ்டிக் பொருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவலர் என் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

"ஏனுங்க, இதென்ன பிளாஸ்டிக்கு?"

"டென்னிஸ் பந்து. திறந்தால் காற்றுப் போய்விடும்."

அவர் குலுக்கிப் பார்த்தார். "மூணு பந்துக்கு இத்தன பந்தோபஸ்தா?" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். "டப்பாவக் கீழ கொண்டாந்துருங்க. மேல போட்டுட்டு வந்துராதீங்க." அந்த மாதிரி இரண்டு டப்பா வைத்திருந்தேன். இரண்டாவதை அவர் பார்க்கவில்லை.

காரவள்ளியைத் தாண்டினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி மாத்திரை கொடுத்தால் தூக்கம் வரும், தூங்கி வழிகிறவளைக் கோர்ட்டில் இறக்க முடியாது என்று நான் மாத்திரை கொடுக்கவில்லை. நாற்பத்து மூன்றாம் வளைவில் நிவேதா வாயைப் பொத்திக்கொண்டாள். ஓட்டுநர் பழனியப்பன் வண்டியை ஓரங்கட்டி, தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"வளைவுக்கு வளைவு நம்பரு எதுக்குப் போட்டிருக்காங்கன்னு தெரியுமா கண்ணு? எங்க வாந்தி எடுத்தோம்னு ஊட்ல போய்ச் சொல்றதுக்குத்தான்."

தரணி சிரித்தாள். நிவேதா சிரிக்கவில்லை. சர்வீஸும் அடியும் பலமான ஆட்டக்காரி அவள்தான். என் நம்பிக்கை முழுவதும் அவள் தோளில் இருந்தது. அந்தத் தோள் இப்போது சாலையோரக் கல்மேல் குனிந்திருந்தது. மீதி இருபத்தேழு வளைவுகளையும் நான் சாலையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தபடியே கடந்தேன். சோளக்காடு என்ற ஊரில் டீ குடிக்கப் பத்து நிமிடம். சந்தைக்குப் பலாவும் மிளகும் இறங்கிக்கொண்டிருந்தன. நல்ல இடம் என்கிறார்கள், நான் எதையும் பார்க்கவில்லை. செம்மேடு தாண்டிப் பள்ளியை அடைந்தபோது மணி 8.30.

அந்தக் கோர்ட்டைப் பார்த்ததும் இன்னொரு கவலை சேர்ந்துகொண்டது. மலைச்சரிவை வெட்டிச் சமன்படுத்திப் போட்ட சிமென்ட் தளம். மேல்பக்கம் மண்சுவர். கீழ்ப்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பிவலை, அதுவும் இரண்டு இடத்தில் கிழிந்தது. வலைக்கு அப்பால் காபியும் மிளகுக் கொடியுமாகச் சரிவு நேராகக் கீழே போனது.

உடற்கல்வி ஆசிரியர் தங்கவேல் முப்பது வயதுக்காரர். "வாங்க மேடம், வாங்க கண்ணுங்களா. சாமையரிசிப் பொங்கல் இருக்குது, ஒரு வாய் சாப்பிட்டு ஆடலாமுங்க" என்றார். பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். அதில் இருபது பந்துகள் இருக்கலாம். எல்லாம் மண் நிறம். மேலே இருக்க வேண்டிய மஞ்சள் ரோமம் தேய்ந்து வழுக்கையாகிவிட்டவை.

"இதில்தான் ஆடுகிறோமா?" என்று கேட்டேன்.

"எங்ககிட்ட இருக்கறது இதுதானுங்க."

அழுத்தினால் அமுங்கியது. தொய்ந்த பந்தில் நிவேதாவின் பலமான அடி எடுபடாது. அதற்காகவே வைத்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு வந்தது. மரியாதையோடுதான் சொன்னேன்: "விதிப்படி புதுப் பந்துதான். நாங்கள் கொண்டுவந்திருக்கிறோம்." அவர் உடனே சரி என்றார். டப்பாவைத் திறந்தபோது காற்று புஸ்ஸென்று வெளியேறியது. அவர்கள் அணியில் வெண்ணிலா என்று குட்டையான பெண் ஒருத்தி. அவள் ஒரு பந்தை வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்து, பக்கத்துப் பெண்ணிடமும் நீட்டினாள்.

முதல் ஆட்டம் நிவேதாவுக்கும் வெண்ணிலாவுக்கும். ஆறு கேம் எடுப்பவர் ஜெயிக்கும் ஒரே செட். நிவேதா அடித்த முதல் பந்து பின்கோட்டைத் தாண்டி ஒரு முழம் வெளியே விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. வாந்தி எடுத்த உடம்பு, கொஞ்சம் போனால் சரியாகும் என்று நினைத்தேன். மூன்றாவது கேமில் அவள் ஓங்கி அடித்த பந்து கம்பிவலைக்கு மேலே பறந்து சரிவுக்குள் மறைந்தது. காபிச் செடிகளுக்குள் அது இறங்கிப் போகும் சத்தம் சற்று நேரம் கேட்டது.

"அக்கா, காபித் தோட்டத்துக்கா சர்வீஸ் போடறீங்க?" என்றாள் வெண்ணிலா.

அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் பந்தைக் குறுக்கி, தட்டித் தட்டி ஆடினார்கள். நீளமாக அடித்தால் பந்து பள்ளத்துக்குப் போய்விடும், அப்புறம் ஆடப் பந்து இருக்காது. அந்தக் கோர்ட் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆட்டம் அது. எனக்கு விஷயம் உறைத்தபோது ஸ்கோர் 1-4. அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. சமவெளியில் அடைத்த புதுப் பந்து அங்கே கூடுதலாக எம்பும், கூடுதலாகப் பறக்கும். பதினொன்றாம் வகுப்புக்கு வாயு அழுத்தம் நடத்துகிறவள் நான். நிவேதா அந்தப் பாடத்தில் என்னிடம்தான் படிக்கிறாள். அவள் 2-6 என்று தோற்று வந்து உட்கார்ந்து, காலணிக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

இனி இரண்டையும் ஜெயிக்க வேண்டும். நான் தங்கவேலிடம் போனேன். மிச்ச ஆட்டங்களைப் பழைய பந்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"நீங்கதானுங்க மேடம் புதுசுதான் வேணும்னீங்க?" என்றார். குரலில் குத்தல் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. பிள்ளைங்களக் கேட்டுக்கலாம்."

பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். வெண்ணிலாதான் வந்து பதில் சொன்னாள். "வேண்டாங்க டீச்சர். புதுப் பந்துல ஆடறது எங்களுக்கு இதுதான் மொதல் தடவ. இன்னைக்கு விட்டா அப்பறம் எப்பங்க?"

அவர்கள் தந்திரம் செய்கிறார்கள் என்று நினைக்கத் தயாராக வந்திருந்தேன். இரண்டாவது டப்பாவையும் திறந்து கொடுத்தேன்.

தரணி பலமில்லாத ஆட்டக்காரி. பந்தை மெல்ல வெட்டி வெட்டிப் போடுவாள். 'சாம்பாருக்குக் காய் நறுக்குகிறாயா' என்று கோர்ட்டில் நான் பலமுறை சலித்துக்கொண்டதுண்டு. அன்று அவளிடம், எப்போதும் ஆடுவதைவிடவும் மெதுவாக ஆடச் சொன்னேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனாள். 6-4 என்று ஜெயித்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் நான் உட்காரவே இல்லை.

டபுள்ஸ் தொடங்கும்போது பதினொன்றரை. கீழே பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி, முதலில் கம்பிவலையை மறைத்தது, பிறகு பின்கோட்டை. ஆறு பந்தில் மூன்று ஏற்கெனவே காபித் தோட்டத்தில். நிவேதா கையைக் கட்டிப்போட்டதுபோல அடக்கி ஆடினாள். 5-5. அடுத்த கேம் யாருக்கோ அவர்களுக்கே ஆட்டம். எதிரணிக்கு ஒரு பாயிண்ட் மட்டும் பாக்கி இருந்தபோது ஒரு பந்து நிவேதா முன்னால் நல்ல உயரத்தில் எழும்பி நின்றது. அடக்கிக்கொள் என்று நான் மனதுக்குள் சொல்வதற்குள் அடித்துவிட்டாள். பந்து கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்தது. அவுட் என்று முதலில் சொன்னது தரணிதான்.

அத்தோடு முடிந்தது. ஜல்லி என் கண்முன் வந்தது. திங்கட்கிழமை தாளாளரிடம் எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அப்போது நெட்டருகே கைகுலுக்கப் போன நிவேதாவின் குரல் கேட்டது.

"பள்ளத்தோரத்துல கொண்டுபோய்க் கோர்ட்டக் கட்டிட்டு ஜெயிச்சா அதெல்லாம் கணக்குல சேராது. எங்க கோர்ட்டுக்கு வாங்க, அங்க வெச்சுப் பாத்துக்கலாம்."

"வாரோம். எப்ப வரோணும்?" என்றாள் வெண்ணிலா.

"தீவாளி முடிஞ்ச ஞாயித்துக்கெழம. சாப்பாடும் எங்க பள்ளிக்கூடத்துலதான்."

"நெசமாவாக்கா?"

"வாங்கன்னா வாங்க."

தங்கவேல் என்னிடம் ஓடிவந்தார். "எங்க பிள்ளைங்க மலைய உட்டுக் கீழ போய் ஆடுனதே இல்லீங்க மேடம். வேனுக்கு இன்னைக்கே சொல்லி வெச்சுடறேன்." அப்போதே சொல்லியிருக்க வேண்டும், தீபாவளிக்குள் அங்கே பஸ் நின்றுகொண்டிருக்கும் என்று. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. மிச்சமிருந்த மூன்று புதுப் பந்துகளை வெண்ணிலாவிடம் கொடுத்தேன். காலி டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இறங்கும்போது மூட்டம் பாதி மலைவரை கூடவே வந்தது. பழனியப்பன் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி, பேச்சில்லாமல் ஓட்டினார். அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

"மிஸ், கூப்பிட்டது தப்புங்களா?" என்று கேட்டாள் நிவேதா.

"கோர்ட் இல்லாவிட்டால் எங்கே ஆடுவீர்கள்?"

"தெரியல மிஸ். தோத்த ஆத்திரத்துல வாயில வந்துருச்சு."

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஆட்டத்துக்கு முதல் நாளே மேலே போய்த் தங்கிவிடுங்கள். வளைவுகள் ஏறிய கையோடு யாரையும் கோர்ட்டில் இறக்காதீர்கள். அன்றே போய்த் திரும்புவதானால் மதியம் இரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்குவது நல்லது. துறையூர்ப் பக்கத்து உறவினர் யாராவது புளியஞ்சோலை வழி கிட்டம் என்பார்கள். வரைபடத்தில் கிட்டம்தான், ஆனால் அங்கிருந்து கார் மேலே ஏறாது. வாசலூர்பட்டியில் படகுத்துறை இருக்கிறது. தோற்ற பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, உங்களுக்குத் தோன்றட்டும். பந்தைப் பொறுத்தவரை, மலைக்குப் போகும்போது தேய்ந்த பந்தைக் கொண்டுபோங்கள், அல்லது அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் பந்து ஒன்றுபோல எழும்பும் என்று நம்பி நான் ஒரு ஆட்டத்தையே கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை தாளாளர் அறைக்குப் போனேன். செய்தி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"செரி, ஆடுனது போதும். புதன்கெழம கான்ட்ராக்டர் வாரான்" என்றார்.

நான் வாதாடவில்லை. அந்த அழைப்பை மட்டும் சொல்லி, மலைப் பள்ளிக்கு அவரே போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் நல்லது என்றேன். எனக்கு அதைச் சொல்லும் தைரியம் இல்லை என்பதையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வாங்கன்னு சொல்லியாச்சுங்களா?"

"நிவேதா சொல்லிவிட்டாள்."

"நம்ம பள்ளிக்கூடத்துப் பேரச் சொல்லி?"

"ஆமாங்க. சாப்பாடும் இங்கேதான் என்று சொல்லிவிட்டாள்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சோறு போடறம் வாங்கன்னு கூப்புட்டுப்போட்டு, இப்ப வராதீங்கன்னு எந்த வாயில டீச்சர் நாஞ் சொல்றது?" என்றார். கோபம் என்மேலா, நிவேதாமேலா, தன்மேலா என்று தெரியவில்லை. கணக்காளரை உள்ளே கூப்பிட்டு, கான்ட்ராக்டரைத் தீபாவளி கழித்து வரச் சொல்லும்படி சொன்னார். நான் கதவை அடைந்தபோது மறுபடி கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளைங்க கறி திங்குமா, காய்தானான்னு கேட்டுச் சொல்லுங்க."

கோர்ட்டருகே இருவரும் நின்றிருந்தார்கள். ஜல்லி அப்படியேதான் கிடந்தது. தீபாவளிக்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவர் மனம் மாறியதாகவும் நான் நினைக்கவில்லை.

"என்னாச்சுங்க மிஸ்?" என்றாள் தரணி.

"விருந்தாளிகள் வந்து போகிற வரைக்கும் கோர்ட் இருக்கிறது" என்றேன். "நின்றுகொண்டிருக்காதீர்கள். நெட்டைக் கட்டுங்கள்."