அக்கா விட்டுப்போன ஹெல்மெட்

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் நீல ஹெல்மெட் ஒன்று தொங்கியது. யார் கதவைத் தள்ளினாலும் அதில் இடித்து 'டொக்' என்று கேட்கும்; கதவு அதற்குமேல் திறக்காது. அது பக்கத்து வீட்டு அக்காவுடையது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பொருந்தாது, அவருடைய தலை அவ்வளவு சின்னது. "மூளைக்குத் தக்க கோதுதானே தருவார் ஆண்டவர்" என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

அக்கா உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் கணக்குப் பார்த்தார். மாலையில் தேவாலயப் பாடற்குழுப் பயிற்சிக்குப் போகும்போது என்னையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொள்வார். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலம் அது. ஒரு கிழமை கடல் ஆராய்ச்சி, மறு கிழமை வானொலி, அதற்கடுத்த கிழமை சட்டம் படிக்கப்போகிறேன் என்று பின்னாலிருந்து காற்றோடு போட்டியாகக் கத்திக்கொண்டு வருவேன். அக்கா பொறுமையாகக் கேட்பார். ஒருநாள் துறைமுகம் தெரிகிற வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு, "நான் மடத்துக்குப் போகப் போறனடி" என்றார்.

"ஸ்கூட்டியிலயோ?" என்று கேட்டேன்.

ஆனால் கன்னியர் மடத்தில் கடனோடு சேர்க்கமாட்டார்கள். தகப்பனாரின் படகு இயந்திரத்துக்கு அக்காவின் பெயரில் கடன் எடுத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகு கரையில் கிடந்த மாதங்களில் வட்டி மட்டும் தவறாமல் தொழிலுக்குப் போய் வந்தது. அக்கா ஸ்கூட்டியை விற்றார். வாங்கியவருக்கு ஹெல்மெட் தலையில் இறங்கவில்லை, அதனால் அது மட்டும் மிஞ்சியது. அப்படியும் கடன் தீரவில்லை. "கடன்காரனுக்குப் பயந்து யேசுவிட்ட ஓடுறாள்" என்று சந்தையில் கதைத்தார்கள். "அவரும் கணக்குக் கேப்பார்தான். ஆனா வாசலில வந்து நிண்டு கத்தமாட்டார்" என்றார் அக்கா.

கடனால் துறவறத்துக்குப் போகமுடியாமல் நிற்பவர்களுக்கு உதவ எங்கள் தேவாலயப் பங்கில் ஒரு நிதி இருந்தது. இளையோர் நாங்கள் ரோல்ஸும் பற்றீஸும் பொரித்து விற்று அதற்குச் சேர்த்திருந்ததால், அக்காவின் கடனைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் எனக்கும் உட்கார ஒரு கதிரை கிடைத்தது. பங்குத்தந்தை விதியை வாசித்தார். அக்கா மடத்தில் இருக்கும்வரை நிதி தவணையைக் கட்டும். வெளியே வந்தால் மீதி அக்காவின் தலையில். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கைதட்டவும் தயாராக இருந்தேன்.

அக்கா எழுந்து, "அப்பிடியெண்டா எனக்கு வேண்டாம் பாதர்" என்றார்.

எனக்கு அவரைக் கிள்ளவேண்டும்போல் இருந்தது. அந்த வருடம் விட்டால் வயதெல்லை தாண்டிவிடும். பிறகு எந்த மடமும் எடுக்காது.

"வெளியில கடன் காத்துக்கொண்டு நிண்டா, நான் உள்ளுக்கு இருக்கிறது ஆசையிலயோ பயத்திலயோ எண்டு எனக்கே விளங்காது. மடத்தில வார்த்தைப்பாடு குடுக்கிற அண்டைக்கு ஆருக்கு ஓம் சொல்லுவன்? ஆண்டவருக்கோ, வட்டிக்கோ?"

நிதியின் பொருளாளர் ஐயா துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல கதை! கடனைக் கட்டுவிச்சுப்போட்டு அடுத்த பஸ்ஸில வந்து இறங்கினால்?"

"ஐயா, கயிற்றில அவிழ்க்க ஏலாத முடிச்சுப் போட்டோ நீங்கள் கப்பலைக் கட்டினனீங்கள்?"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பிடிக் கட்டினா, காத்துக்கு இழுக்கேக்க கயிற்றை வெட்டத்தான் வேணும் பிள்ளை" என்றவர், பங்குத்தந்தையைப் பார்த்து, "அந்த விதியை எடுத்துவிடுங்கோ பாதர்" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, "ஆனா அடுத்த பஸ்ஸில வாறதெண்டா முதலே சொல்லிப்போடு. நான் நெஞ்சு வருத்தக்காரன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் அழுதார்.

போகிற அன்று காலை வந்து அந்த ஆணியில் ஹெல்மெட்டைத் தன் கையால் மாட்டினார். "திரும்பி வந்தா கேப்பன். கவனமா வைச்சிரு."

பிறகு நான் ஒரு படிப்பைத் தொடங்கி, விட்டு, இன்னொன்றுக்குத் தாவி, அதையும் விட்டு, கடைசியில் ஒரு வேலையில் வந்து நிற்கிறேன். துறைமுக வளைவில் என் சொந்த ஸ்கூட்டியை நிறுத்தும்போதெல்லாம், பின்னாலிருந்து கத்திய அந்தக் குரல் என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது. அம்மா ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஹெல்மெட்டின் தூசி தட்டுவார். அக்கா முதல் வார்த்தைப்பாடு கொடுத்த செய்தி வந்தபோதும் அதைக் கழற்றவில்லை. மனிதர் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம்தானே. உண்மையைச் சொன்னால், வரவேண்டும் என்று நான் சில நாட்களில் ஆசைப்பட்டும் இருக்கிறேன்.

போன கிழமை அக்கா தொலைபேசியில் எடுத்தார். சுகம் கேட்ட கையோடு, "எடி, ஹெல்மெட் இருக்கோ?" என்றார்.

எழுந்து கதவுப் பக்கம் பார்த்தேன். "இருக்கக்கா. வாறீங்களோ?"

அந்தப் பழைய சிரிப்பு. "விசரி! இஞ்ச மலைப்பக்கம் வீடு வீடாப் போகவேணும் எண்டு மடத்து மதர் ஸ்கூட்டி ஒண்டு தந்திருக்கிறா. கடையில இருக்கிறது எல்லாம் முக்காட்டுக்கு மேலாலயும் ஆடுது. அதைப் பஸ்ஸில போட்டுவிடன்."

அரிசிப் பையில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உள்ளுக்கு என்ன, பூசணிக்காயோ?" என்றார் நடத்துநர். "ஒரு சிஸ்டரின்ர தலை" என்றேன். ஆள் திடுக்கிட்டுப்போனார்.

வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளினேன். 'டொக்' கேட்கவில்லை. சுவரில் போய் முட்டும்வரை கதவு முழுதாகத் திறந்தது.