தகட்டின் உயரம்

கொரட்டூரில் வீதியால் நடந்து போகிறவருக்கு வீடுகள் எதையும் ஒளிப்பதில்லை. கேட்டுக் கம்பிகளின் இடைவெளியில் ஒருவர் பல் துலக்குவது தெரிகிறது. அடுத்த வாசலில் தலை வாரிக்கொண்டு நிற்கும் பெண் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, காலேஜுக்கு லேட்டா?" என்கிறாள். அவளை எனக்குத் தெரியாது. சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறேன். பார்த்துவிட்டதற்காக வெட்கப்பட வேண்டியவள் நான்தான் என்று என் கண்கள் இன்னும் நம்புகின்றன. யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்களுக்கு இது விளங்கும். என்னைப் போல இங்கு வந்து சேர்ந்தவர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

அங்கே எங்கள் ஒழுங்கை ஓர் ஒடுங்கிய மணல் தெரு. அதன் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் தென்னோலைக் கிடுகு வேலி. நடப்பவருக்குத் தெரிவது மணலும், வேலிக்கு மேலே எழும் பனைகளும், ஒரு கீற்று வானமும்தான். மற்றதெல்லாம் ஓசை. கிணற்றடியில் வாளி மோதும், யாரோ சிரிப்பார்கள், அந்தச் சிரிப்புக்கு முகம் இராது. வாசல் கேட்டான தகரப் படலைக்கு முன் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால், உள்ளிருந்து காலடி வந்து, கொளுக்கி விலகி, அதன் பிறகுதான் ஒரு முகம் கிடைக்கும்.

இங்கு நான் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். வகுப்பு முடிந்த பிற்பகல்களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கேட்டுப் பட்டறையில் கணினியில் படம் வரைகிறேன். படிப்புச் செலவு அந்த வேலையில் நடக்கிறது. முதலாளி கன்னியப்பன் பழைய அம்பத்தூர்க்காரர். ஒவ்வொரு கேட்டையும் முதலிலிருந்து வரைவது வீண் என்று அவரிடம் சொல்லி, ஓர் அடிப்படைப் படத்தை அமைத்தேன். அகலத்தையும் உயரத்தையும் கொடுத்தால் போதும். கம்பிகளின் எண்ணிக்கை, கீல்களின் இடம், தாழ்ப்பாளின் இடம் எல்லாம் தாமே கணக்கிட்டுக்கொண்டு புதிய கேட்டாக நிற்கும். ஒன்று பலவாவதை அந்தக் கறுப்புத் திரையில் பார்த்திருப்பது எனக்குக் கனவில் நடப்பதைப் போலிருக்கும்.

பட்டறையில் நான் அதிகம் கதைப்பதில்லை. முதலில் நானும் அம்மாவும் குடியிருந்த வீட்டை, எங்கள் பேச்சைக் கேட்ட மறுவாரமே காலி செய்யச் சொன்னார்கள். ஊரில் போர் நடந்த அந்த ஆண்டுகளில் எங்களில் பலருக்கு அப்படித்தான் நடந்தது; போலீஸ் விசாரணை வரும் என்று வீட்டுக்காரர்கள் பயந்தார்கள். ஆகவே எண்களோடு இருந்தேன். எண்களுக்கு ஊர் இல்லை என்று நினைத்திருந்தேன்.

மேனாம்பேட்டில் புதிய மனைகள். ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் வரிசையாக வீடு கட்டினார்கள். கேட்டுகளுக்காக அவர்கள் பட்டறையில் தந்த சீட்டுகளில் அகலமும் உயரமும் இருந்தன. கேட்டின் அடியிலிருந்து தகடு எதுவரை வர வேண்டும் என்று எவரும் எழுதவில்லை. இங்குள்ள எவருக்கும் அதை எழுதத் தோன்றாது. நானும் எவரையும் கேட்கவில்லை. அடிப்படைப் படத்தில் உச்சியில் ஒரு சாண் மட்டும் விட்டு முழுவதும் தகடாக்கினேன். கேட்டு என்றால் அப்படித்தானே இருக்கும்?

"இன்னா மேடம், ஷீட்டு மண்டை வரிக்கும் போவுது? உள்ள யானையா கட்டப் போறாங்க?" என்றார் வெல்டர் மூர்த்தி அண்ணன். நான் சிரித்தேன். "சரி, பார்ட்டி கேட்டுகீறாங்க போல" என்று அவர் முகமூடியை இறக்கிக்கொண்டார்.

கேட்டுகளை மாட்டிய அன்று மாலை அளவு சரிபார்க்க என்னையும் அனுப்பினார்கள். சிலது அகலம், சிலது ஒடுக்கம். எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். செம்மண் நிறப் பூச்சில் இரு பக்கமும் உயர்ந்து நின்றன. தெருவில் எவருமில்லை. ஒரு தகட்டுக்குப் பின்னால் வாளியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. என் நடை தானாகவே மெதுவானது. மணலில் நடப்பதைப் போலக் கால் புதைந்தது. அந்தத் தெரு முடியும்வரை நான் எங்கும் போகாதவளாக, எங்கிருந்தும் வராதவளாக இருந்தேன்.

மறுநாள் அந்தத் தெருக்காரர்கள் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் பேச்சியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்து, இப்போது சொந்த வீட்டுக்கு வந்திருப்பவர்.

"பால்காரன் வந்து நிக்கது தெரியாண்டாமா? குவார்ட்டர்ஸ்ல ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தோம். கடன உடன வாங்கி வீடு கட்டினது ஒளிஞ்சுக்கிடவாய்யா?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "யார் சொன்ன அளவும்மா இது?"

கணினி போட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்த இயந்திரத்தின் மேல் எதைச் சொன்னாலும் அங்கே நம்புவார்கள். வேலையும் தங்கும், ஊரும் மறைந்திருக்கும். என் வாயில் அந்த வாக்கியம் ஆயத்தமாக இருந்தது. ஆனால் நேற்று மாலை நான் நடந்த தெருவை எப்படி ஓர் இயந்திரத்துக்குக் கொடுப்பது?

"நான்தான் போட்டனான், சேர். எங்கட ஊரில படலை இப்பிடித்தான்."

வெல்டிங் ஓசை நின்றது.

"எந்த ஊரு?" என்றார் முதலாளி.

"யாழ்ப்பாணம்."

"அட! நான் கேரளான்னு இல்ல நெனச்சுகினு கீறேன்" என்றார் மூர்த்தி அண்ணன்.

பேச்சியம்மாள் என்னை உற்றுப் பார்த்தார். "அங்க ஏன்ட்டீ அப்படி மறைக்கீங்க?"

"கிணற்றடியில குளிக்கிறனாங்கள், அம்மா."

"குளிக்கதுக்கு இங்க வீட்டுக்குள்ள ரூம் இருக்குல்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "போலீஸ்ல பதிஞ்சுகீறியா?" என்றார். பதிந்திருக்கிறோம் என்றேன். அவர் கூரையைப் பார்த்தார். என் படிப்பும் அம்மாவின் நிம்மதியும் அந்தத் துருப்பிடித்த கூரையில் எங்கோ தொங்கிக்கொண்டிருந்தன.

"அப்புறம் இன்னா? ஷீட்டு மூணடி. மாத்து. மூர்த்தி, மேல் ஷீட்ட கட் பண்ணி ராடு வுடு."

அடிப்படைப் படத்தில் அந்த ஓர் எண்ணை மாற்றினேன். அதைச் சார்ந்த கேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் மீண்டும் வரையப்பட்டன. ஒவ்வொன்றிலும் தகடு இடுப்பளவுக்கு இறங்க, மேலே கம்பிகள் முளைத்தன. என் ஒழுங்கை அவ்வளவு சத்தமின்றிக் கலைந்தது. பழைய படத்தை நான் சேமித்து வைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து மேனாம்பேட்டுக்குப் போனேன். இப்போது அந்தத் தெருவில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தார்கள், நானும் தெரிந்தேன். தூரத்திலேயே பேச்சியம்மாள் கண்டுவிட்டார்.

"ஏ யாழ்ப்பாணம், வாட்டீ உள்ள. கை மாவாக் கெடக்கு, நீயே தொறந்துக்கோ."

நான் பழக்கத்தில், உள்ளிருந்து யாராவது வந்து திறப்பார்கள் என்று நின்றேன். எவரும் வரவில்லை. கம்பிகளுக்கிடையே கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தேடினேன். முழங்கைவரை உள்ளே போயிற்று. விரல்களில் அந்த வீட்டுச் செடியொன்றின் ஈரம் பட்டது. தாழ்ப்பாள் புதியது, இறுக்கமாக இருந்தது. என் கை அவர்கள் முற்றத்தில் இருக்க, நான் வீதியில் நின்று, அதை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தேன்.