பசை வேண்டாத பெட்டி

பெட்டி ஒட்டுகிற தொழிலில் கையில் பசை காயவே காயாது. காய்ந்துவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை என்று அர்த்தம். ஒட்டி ஒட்டி இடுப்பு விட்டுப்போன உங்களுக்குச் சொன்னால் புரியும். பட்டாசுப் பெட்டியில் பிளாஸ்டிக் இனி ஆகாதாம். புதுப் பெட்டி யோசிப்பதற்காக நாரணாபுரத்திலிருந்து எங்கள் செட்டுப் பெண்களை வேனில் ஏற்றி விருதுநகர் மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். முதலாளியும் நாங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து யோசிக்கணுமாம்.

மக்குற பெட்டி

டிசைன் படித்த தம்பி ஒருவர் மைக்கைப் பிடித்து, "மண்ணுல போட்டா மக்கிப்போற பெட்டி வேணும்" என்றார். ஈரம் பட்டால் வெடி நமுத்துப்போகும், வெடிக்காரர்களுக்கு அந்தப் பேச்சே ஆகாது. எங்கள் முதலாளி எழுந்தே விட்டார்.

"தம்பி, மக்குறது தீபாவளிக்கு முன்னாலயா, பின்னாலயா?"

கண்ணை மூடுங்க

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அந்த டிசைன் தம்பி, "எல்லாரும் கண்ண மூடி, வரப்போற பெட்டிய மனசுல பாருங்க" என்றார். தலைக்கு மேலே காத்தாடி வேறு சுழன்றது. விடியுமுன்னே சோறாக்கி வைத்துவிட்டு வந்த சனம். கொஞ்ச நேரத்தில் ஒரே குறட்டை. என் பக்கத்தில் ஒட்டுகிற முனியம்மாவைத் தட்டி எழுப்பி, என்ன தெரிந்தது என்று கேட்டார். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"பெட்டி எங்கன தம்பி வந்துச்சு? வந்த தூக்கத்தையும் கெடுத்துட்டீக."

ஒட்டே இல்லாம

பிறகு செய்து காட்டச் சொன்னார்கள். அட்டை வந்தது, பசை வரவில்லை. முனியம்மா சும்மா இருப்பாளா? மடித்து, சொருகி, பசையே தொடாமல் ஒரு பெட்டியை நிமிர்த்திவிட்டாள். மண்டபமே கை தட்டியது. "அம்புட்டுத்தான்! பசையும் மிச்சம், ஒட்டுக்கூலியும் மிச்சம்" என்று முதலாளி சிரித்தார். எங்கள் செட்டுப் பெண்களுக்கு மட்டும் தட்டின கை அப்படியே நின்றுபோனது. அந்தக் கூலியில்தானே எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. முனியம்மா முகத்தில் ஈயாடவில்லை. "குடுங்க மொதலாளி, ஒரு மடிப்பு சரியா விழல" என்று வாங்கி, அடியைத் தடவித் திருப்பிக் கொடுத்தாள்.

வெடிக்குப் பதிலாகப் புளியங்கொட்டையைக் கொட்டி முதலாளி பெட்டியைத் தூக்கினார். அடி பிளந்து, மண்டபம் பூராவும் கொட்டை உருண்டோடியது. அடியில் மட்டுமாவது ஒட்டுப் போட்டாக வேண்டும் என்று அங்கேயே முடிவானது. கொட்டை பொறுக்குகிற சாக்கில் முனியம்மா குனிந்து என் காதில் சொன்னாள்:

"சொருகுனத நாந்தான் உருவிவிட்டேன், யக்கா."

இந்த சீசனில் பெட்டி மக்குகிற பெட்டியாக மாறிவிட்டது. எங்கள் கையில் பசைதான் இன்னும் காயவில்லை.