இடது கைக்கு ஒரு குமிழ்

அலுவலகத்தில் அவளுக்கு ‘ரெண்டு செகண்ட்’ என்று பெயர். கார் ஓட்டுகிறவரின் கண் ஒரே மூச்சில் இரண்டு விநாடிக்கு மேல் சாலையை விட்டு விலகக் கூடாது. விலக வைக்கிற பொத்தானோ திரையோ எதுவானாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். பதினொரு வருடமாக இதுதான் வேலை. சோதனை அறையில் பாதியாக வெட்டிய ஒரு கார் நிற்கிறது. எதிர்ச் சுவரில் சாலை படமாக ஓடும். ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு சின்ன கேமரா, ஓட்டுகிறவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வீட்டிலும் விடமாட்டாள். அடுப்பில் பால் இருக்கும்போது கணவன் போனைப் பார்த்தால் எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

“மூணு... நாலு... பொங்கிடுச்சு.”

“தாயே, வீட்டுலயாவது மார்க் போடாம இரு.”

புது மாடலில், முன் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும் ஈரத்தைப் போக்கத் திருகும் குமிழை எடுத்துவிட்டார்கள். அது தொடுதிரைக்குள் போய்விட்டது. மூன்று இடத்தில் தொட்டால்தான் வரும். எட்டுப் பேரை வைத்துச் சோதித்தாயிற்று. யாரும் ஒன்றரை விநாடியைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்துப் போட்டால், அந்தக் காரில் குமிழுக்கு இனி இடமே இல்லை.

அவளுக்குக் கை வரவில்லை. எட்டுப் பேரின் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தாள். எல்லோரும் இதே மாடி. ஆறு மாதமாக அந்தத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எங்கே தொடவேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். வெளியாட்களைக் கூப்பிட அனுமதி வாங்க நாளாகும் என்று அவர்களைப் பொறுக்கியதும் அவள்தான்.

வியாழக்கிழமை காலை, அலுவலக வேனிலிருந்து இறங்கியதும் ஓட்டுநரிடம் போய் நின்றாள்.

“அண்ணே, கொஞ்சம் மாடிக்கு வரீங்களா? ஒரு வண்டி ஓட்டணும்.”

“மாடியிலயா?”

“பாதி வண்டிதான்.”

“அப்ப பாதி தூரம்தான் போகும், பரவாயில்லையா?”

திரையை வடிவமைத்தவனுக்கு ‘பெயின்டர்’ என்று பட்டப்பெயர். அவனும் வேடிக்கை பார்க்க வந்து நின்றான். ஓட்டுநர் சீட்டைச் சரிசெய்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஓட்டினார். சுவரில் மழை பெய்தது. கண்ணாடி வெளுத்தது.

“அண்ணே, கண்ணாடியத் தெளிய வைங்க.”

அவர் திரையை ஒருமுறை பார்த்தார். உடனே இண்டிகேட்டர் போட்டார். ஓரம் கட்டினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, திரையை நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார்.

இயந்திரம் கணக்குச் சொன்னது: வண்டி ஓடும்போது கண் விலகியது அரை விநாடி. தேர்ச்சி.

பெயின்டர் கைதட்டினான். “அக்கா, இதுவரைக்கும் வந்ததுலயே பெஸ்ட் மார்க்!”

“ஏண்ணே நிறுத்துனீங்க?” என்று அவள் கேட்டாள்.

“பின்ன? பதினாறு பேர உக்கார வச்சுக்கிட்டு, இதப் படிச்சிட்டே ஓட்டச் சொல்றீங்களா?”

“நிறுத்த இடமில்லாத ரோடா இருந்தா?” இது பெயின்டர்.

“கையால துடைப்பேன். எட்டுற வரைக்கும்.”

பெயின்டர் எட்டி, திரையில் அந்த மூன்று இடத்தையும் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்தான்.

அறிக்கையில் எண்களுக்குக் கீழே அவள் எழுதினாள்: ‘கண்ணாடி தெளிய, ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். முன்பு சோதித்த எட்டுப் பேரும் நம் மாடிக்காரர்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தது என் தவறு.’ கையெழுத்துப் போடும் இடத்தைக் காலியாக விட்டாள்.

தலைமைப் பொறியாளர் அதை இரண்டு முறை வாசித்தார்.

“கண்ணாடி தெளியறதுக்கு வண்டிய நிறுத்தணும்னா, அது என்ன காரும்மா?”

கோபமா சிரிப்பா, தெரியவில்லை. வெளியாட்கள் பன்னிரண்டு பேரை வைத்து மறுபடி சோதிக்கச் சொன்னார். ஐந்து பேர் வண்டியை நிறுத்தினார்கள். நான்கு பேருக்கு இரண்டு விநாடி தாண்டியது. குமிழ் திரும்பி வந்தது. விரலுக்கு அடையாளம் தெரிய அதன் விளிம்பில் பல் வெட்டியவன் பெயின்டர்தான்.

மாதிரிக் குமிழைப் பொருத்திய அன்று அவள் பாதிக் காரில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இடது கையை நீட்டினாள். கிடைத்தது. அறிக்கையின் கீழே கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. வேன் கண்ணாடி வெளுத்தது. சாலையைப் பார்த்தபடியே ஓட்டுநர் இடது கையால் எதையோ திருகினார். கண்ணாடி கீழிருந்து தெளிந்துகொண்டு வந்தது.

“என்ன மேடம், பின்னாலேந்து செகண்ட் எண்ணுறீங்களா?”

“எண்ண எங்கண்ணே விட்டீங்க?” என்று சொல்லிவிட்டு, அவள் ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.